கண்ணாடிக் கூட்டில் நாற்பத்திரண்டு

மார்ச் 14, செவ்வாய், காலை 6.40. எண்ணிக்கை: நாற்பத்திரண்டு அரை மாத்திரைகள்.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதினால் பொய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் இல்லத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அனுப்பாதே.

அப்பா குளியலறை வாசலில் கால் எழாமல் நிற்பதை நான் நேரம் பார்த்து எழுதி வருவது உனக்குத் தெரியும். போன மாதம் இருபது விநாடி. இந்த வாரம் நான்கு நிமிடம். சட்டைப் பொத்தானும் போட முடியவில்லை. பார்க்கின்சன் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று அடித்துச் சொன்னவன் நான்தான். யோசிக்க வேண்டும் என்றாய். இன்னும் என்ன யோசனை என்று கத்தினேன்.

இன்று அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க எடுத்தேன். கூட்டுக்குள் மாத்திரைத் துண்டுகள். ஒரு நாளைக்கு மூன்று வீதம் பதினான்கு நாள். நகவெட்டியால் வெட்டி, பாதியை மட்டும் போட்டு வந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் நானே எடுத்துக்கொள்வேன் என்பது அவர் பிடிவாதமாயிற்றே.

பதினைந்து நாள் முன்புதான் செலவுப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பகல் உதவியாள், பயிற்சி, மாத்திரை, மொத்தம். உனக்குப் படமெடுத்து அனுப்ப வசதியாக இருக்கும் என்று. அவரும் அந்தக் கதவைத்தான் திறக்கிறார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

கேட்டேன். பதில் வர வழக்கம்போல நேரமானது.

"முப்பது வருஷம் ஊரார் வீட்டு கரண்ட் மீட்டரைப் படிச்சவன்டா நான். மீட்டர் இந்த ஓட்டம் ஓடுதேன்னு பார்த்தா, ஒரு ஸ்விட்சையாவது அணைக்கத் தோணாதா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு முயன்றார்.

லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், முதலில் கரண்ட் வருகிறதா என்றுதான் பார்ப்பேன். அதுதான் என் பிழைப்பு. அப்பா விஷயத்தில் அதைக்கூடப் பார்க்கவில்லை.

உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. முழு மாத்திரை போட்டாலும் நோய் நிற்காது. இன்னும் இரண்டு வருடத்தில் இரவுக்கும் ஆள் வேண்டியிருக்கலாம், செலவும் ஏறும். அப்போது இல்லம் பற்றிப் பேசலாம், அவரையும் உட்கார வைத்துக்கொண்டு. இதுவரை அவர் எதிரிலேயே, அவர் இல்லாத மாதிரிப் பேசிவிட்டோம்.

இனி நான் செய்யப்போவது:

1. பட்டியலைக் கிழிப்பது. கிழித்தாயிற்று.
2. ஒன்பது மணிக்கு டாக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்வது. அளவை அவர் சொல்லட்டும். என் மேதாவித்தனம் போதும்.
3. குளியலறை வாசலில், தரையில் மஞ்சள் டேப் ஒட்டுவது. கோட்டைப் பார்த்தால் கால் எழும்பும் என்று பயிற்சி கொடுப்பவர் போன மாதமே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.
4. விநாடி எழுதும் நோட்டை மூடுவது.
5. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை முதலில் அவரிடம் கொடுப்பது. குரல் சன்னமாகத்தான் வரும். வார்த்தைக்கும் நேரமாகும். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, அக்கா.

உன் தம்பி