கீழே எழுத்து, மேலே முகம்

செவ்வாய். காலையிலேயே வெயில்.

எழுத்து கோணல்மாணல். மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, படிக்கப் போவது நான் மட்டும்தான். 'ழ' வாலைச் சுருட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடுகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. இருந்தாலும் இது என் கை, இந்த ஆரோக்கியத்தின் கை எழுதியது!

வாங்க வேண்டியது: அரிசி, மாத்திரை. பஷீருக்குப் போன்.

நேற்று மேட்னி. மாதா கோயில் மாலை வகுப்பில் ஒரு வருஷம் எழுத்துக் கூட்டியது இதற்காகத்தான். செராமிக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் படமும் பஷீரோடுதான். பேர் போடும்போது என் காதோரம் படித்துச் சொல்வான். சர்க்கரையில் அவனுக்குக் கண் போய்விட்டது. இப்போது பெண்ணாடத்தில், மகள் வீட்டில். இனி நான் படித்துச் சொல்கிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

விளக்கு அணைந்தது. பேர் வந்தது. அத்தனையும் இங்கிலீஷ்.

நல்லவேளை, கதையில் வரும் அப்பா பீடி குடிக்கிறவர். பற்றவைக்கும்போதெல்லாம் கீழே தமிழில் எழுத்து. முதல் தடவை 'புகை' வரைக்கும். அடுத்தது 'புற்று'. கடைசி பீடியில் 'உயிரைக் கொல்லும்' வரைக்கும் முழுசாக. வாய்விட்டுப் படித்துவிட்டேன் போல. பின்சீட்டில் ஒருத்தன், "தாத்தா, நாங்க பீடியே புடிக்கல. எங்கள ஏன் மிரட்டுறீங்க?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

வெளியே வந்தால் அதைச் சொல்ல ஆள் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்காரரிடம், "படம் நல்லாருக்குது" என்றேன். "டோக்கனக் குடுங்க" என்றார்.

புதன். புழுக்கம்.

படம் தியேட்டரில் பாதிதான் ஓடுகிறது. மீதி, வூடு திரும்பும் வழியில், பக்கத்தில் வருகிறவனோடு சண்டை போட்டுக்கொண்டே நடக்கும்போது. எனக்கு இப்போதெல்லாம் பாதிப் படம்தான். குழம்பு நேற்றையது. தட்டு ஒன்று.

வெள்ளி. மேகம்.

பெண்ணாடம் போனேன். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். அந்தச் சந்தோஷம் கண்டக்டருக்கு என்ன தெரியும்.

பஷீர் மகள் ஷமீமா வாசலிலேயே சொன்னாள். "அத்தா எங்கயும் வர்றதில்ல மாமா. நீங்களாவது சொல்லுங்க."

"வாடா, தியேட்டருக்குப் போவலாம்."

"கண்ணு இல்லாதவனுக்கு எதுக்குடா டிக்கெட்டு? கதையச் சொல்லு."

சொன்னேன். விரும்பினவனோடு மகள் ஊரை விட்டுப் போகிறாள். ரயில் கிளம்பும் நேரம் அப்பா வந்து நிற்கிறார். பேசவில்லை. பீடி பற்றவைக்கிறார். வண்டி நகர்கிறது. அவ்வளவுதான் படம்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"யாரு மூஞ்சி?"

"அப்பன் மூஞ்சிடா. மன்னிச்சிட்டானா, இல்லியா?"

அந்த நேரம் என் கண் கீழே 'கொல்லும்' கூட்டிக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன்.

"கம்பெனிச் சூளை ஓட்டையில கண்ண வெச்சு நெருப்புப் பாத்தவன் நீ. ஒரு மூஞ்சியப் பாக்கத் தெரியலியா? அதப் பொறுத்துதானடா படமே!"

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஷமீமா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு முகம்தான் படம். அவன் பேரைச் சொல்வான், நான் முகத்தைச் சொல்வேன். இப்போது எழுத்தைக் கண்டால் கண் அங்கே ஓடிவிடுகிறது, புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி.

சனி. தூறல்.

மேட்னிக்கு ஓடினேன், அந்த ஒரு முகத்துக்காக. வாசலில் வேறு போஸ்டர். டிக்கெட் கிழிப்பவர், "அதைத் தூக்கியாச்சு பெருசு" என்றார்.

"கடைசியில அந்த அப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

"நான் எங்க படம் பாத்தேன்? கதவுதான் பாக்கறேன்."

பஷீருக்குப் போன். மன்னித்துவிட்டார் என்றே சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முடியவில்லை. "படம் போயிடுச்சுடா. எனக்குத் தெரியல."

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"உன்ன நம்பி இனி ஒரு படத்தையும் வுட முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஷமீமா பஸ்ஸு ஏத்தி வுடுவா. பஸ் ஸ்டாண்டுல வந்து கையப் புடிச்சிக்க. எழுத்துப் பக்கம் திரும்புன, ஒதைப்பேன்."

அந்த வெள்ளிக்குப் பிறகுதான் மறுபடி பேனா எடுப்பேன். வெள்ளைச் சட்டை துவைக்கணும்.

இப்போதுதான் உறைக்கிறது. புதுப் போஸ்டரில் என்ன படம் என்று படிக்காமலே வந்துவிட்டேன்.