பெற்றோர் கொட்டகையில் ஆள் இல்லை

1938 மார்ச் 3
கட்டி முடித்து மாதம் ஆகப்போகிறது. இன்றும் ஒருவர்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்கு எதிரே தாய் தகப்பன் படுத்து எழ ஒரு கொட்டகை வேண்டும் என்று டாக்டர் கேட்டார். ஓவர்சீயர் நான் வரைந்தேன், நானே நின்று கட்டினேன். மங்களூர் ஓடு, அகலமான பெஞ்சு, மேல்காற்று நேராக உள்ளே வரும். ஜனங்களோ வெளியே சாக்கடையோரம் வெயிலில் குந்தியிருக்கிறார்கள். யாரோ தடுக்கிறார்கள்.

மார்ச் 5
வார்டு ஆயா குப்பாயி மேல்தான் சந்தேகம். கொட்டகையைப் பெருக்குவது அவள் வேலை. ஆள் வராவிட்டால் யாருக்குச் சௌகரியம்? கேட்டேன். "நான் என்னத்துக்குங்க தடுக்கறேன்? உள்ள போங்கன்னா என்னையே மொறைக்கறாங்க. நீங்களே சொல்லிப் பாருங்களேன்." தயாராக வைத்திருந்த பதில்.

மார்ச் 6
நானே சொன்னேன். முறைத்தார்கள்.

மார்ச் 9
மாதக் கடைசிவரை பார்ப்பாராம் டாக்டர். பிறகு அது மருந்துப்பெட்டி அடுக்கும் கிடங்கு. கிடங்கா! அதற்கா ஜன்னலுக்கு ஜன்னல் நேராக வைத்தேன்?

பள்ளிபாளையத்து ஆராயி வெயிலில் மயங்கி விழுந்தாள். மகனுக்கு விஷக்காய்ச்சல். கொட்டகைக்குத் தூக்கச் சொன்னேன். பாதி வழியில் கண் விழித்தவள் எல்லார் கையையும் தட்டிவிட்டு ஓடினாள். ஓடினாள்! உள்ளே என்ன பேயா இருக்கிறது? குப்பாயி பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவும் சந்தேகம்தான்.

மார்ச் 10
ஆராயியின் புருஷன் காளியண்ணன் சண்டைக்கு வந்தான்.

"ஏனுங்க ஓவர்சீரு, எம்பொண்டாட்டிய அங்க தூக்கச் சொன்னீங்களாமா?"

நிழலில் படுக்கட்டும் என்றுதான் என்றேன்.

"எம்பையன் இன்னும் உசுரோட இருக்கறானுங்க. உங்களுக்கு என்னங்க அவசரம்?"

விளங்கவில்லை என்றேன். கொட்டகைப் பக்கம் கையை நீட்டினான்.

"மேச்சேரிக்காரங்கள அங்க கூட்டிட்டுப் போயிதான டாக்டரு சொன்னாரு, புள்ள பொழைக்காதுன்னு? அப்பறம் அயோத்தியாப்பட்டணத்துக்காரங்க. அந்த ஊட்டுக்குள்ள கூப்புட்டா என்னன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஓ. கெட்ட சேதி சொல்ல டாக்டர் அமைதியான இடம் தேடியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். பிளானிலேயே எழுதியிருக்கிறேனே, ‘தனியே பேசவும் உதவும்’ என்று.

மார்ச் 11
டாக்டரிடம் நேராகச் சொன்னேன்: இனி அந்தப் பேச்சு உங்கள் அறையில். வார்டுக் கஞ்சிப்பானை கொட்டகைக்கு வரட்டும். எல்லாரும் அங்கே வந்து வாங்கட்டும். "நீ கட்டடம் கட்டு, ஆஸ்பத்திரி நடத்தாதே" என்றார். கட்டடத்தைக் கெடுத்ததே நீங்கள்தான் என்றேன். முகம் கறுத்தது. ஆனால் ஒப்புக்கொண்டார். எத்தனை நாளைக்கோ.

மார்ச் 14
வாசல்வரை வருகிறார்கள். படி ஏறுவதில்லை. குப்பாயி உள்ளிருந்து பாத்திரத்தில் ஊற்றி நீட்டுகிறாள். "படியில என்ன பாம்பா கெடக்குது?" என்று திட்டினாள். நடிப்பாகத் தெரியவில்லை. நடிப்பாகவும் இருக்கலாம்.

மார்ச் 17
காளியண்ணன் ஏறிவிட்டான்! காய்ச்சல் விட்ட பையன் பசிக்கிறது என்றானாம். எல்லாரையும் தள்ளிக்கொண்டு பானைக்கே போய்விட்டான். வெளியே வந்த பிறகுதான் எங்கே போய் வந்தோம் என்று உறைத்தது போல. கஞ்சி வாங்கிய போசியோடு அப்படியே நின்றான். மற்றவர்கள் அவனையே பார்த்தார்கள்.

பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாயங்காலம்வரை வார்டை எட்டி எட்டிப் பார்த்தேன். நான்!

மார்ச் 22
மத்தியானம் கொட்டகைப் பெஞ்சில் ஆராயி கிடந்தாள். டாக்டர் வாக்குத் தவறிவிட்டார் என்றே நினைத்து வார்டுக்கு ஓடினேன். பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சி வேண்டாம், சோறுதான் வேண்டும் என்று குப்பாயியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தேன். ஆராயியின் கால்மாட்டில் நேற்று வந்து சேர்ந்த கண்ணாத்தாள். அவள் மகள் வார்டில் இன்னும் கண் திறக்கவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டுக் கண்ணாத்தாள் கையை ஆட்டினாள்.

"மெல்லப் போங்க சாமி. இந்தக்கா இப்பத்தான் ஒறங்குது. நானும் செத்த நேரம் சாயோணும்."