பாட்டுக்குள் ஒரு லயம்

அன்புள்ளவருக்கு,

இல்லை, பழைய புத்தகங்களுக்காக நான் இங்கே தங்கவில்லை. நீங்கள் இருக்கும் ஜொகூருக்கு மாற்றல் கேட்கத்தான் நேற்று கிளம்பினேன். பள்ளி நூலகத்தைப் பூட்டும்போது இரண்டாம் படிவ வகுப்பு மாணவி தனேஸ்வரி ஓடி வந்தாள். நான் கெஞ்சிக் கொடுத்த கதைப் புத்தகம் அவள் கையில்.

“டீச்சர், புக்கு தப்பு லா. பாட்டுல லயம் இருந்துச்சாம். பாட்டுக்குள்ள எப்படி வீடு இருக்கும்?”

அவளுக்கு லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான். இது தாளத்தைச் சொல்வது என்றேன்.

“எங்க லயத்துலயும் பாட்டு இருந்துச்சு. லயத்தையே ஒடச்சிட்டாங்க. அதைப் பத்தின புக்கு எங்க?”

ஒரு பக்கம்கூடப் படிக்காதவள் இப்போது புத்தகத்தோடு சண்டை போடுகிறாள். எனக்கு அவ்வளவு பெருமை. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாற்றல் கேட்கப் போகவில்லை. கதவைத் திறந்து, அவளோடு சேர்ந்து தேடினேன்.

ஜெராமிலிருந்து,
உங்களுடையவள்