அண்ணி இறக்கிய மூன்று கிலோ நங்கூரம்

அன்புள்ள அண்ணா,

2004 மே 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி நாலேகால். பான்ஷெத் அணையில் இன்று மூன்று தடவை நங்கூரம் போட்டோம். இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாம் தடவை பிடித்தது. உன் பாய்மரப் படகு அந்தக் காற்றில் நின்றது, அண்ணா! வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை, கரையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ போனபிறகு படகு தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது. உன் பதினாலு கிலோ இரும்பு நங்கூரத்தை நீ ஒரு கையால் தூக்குவாய். அண்ணியால் அதைப் படகின் விளிம்பு தாண்டித் தூக்க முடியவில்லை. பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது எல்லாம் உன்னோடு வந்து பழகியவர், இந்த ஒன்றில் தோற்றார். "நானே போட்டு நானே எடுக்க முடியாத படகு எனக்கெதுக்குங்க தம்பி?" என்று புனேயில் பாணேர்ப் பகுதிக்காரர் ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டார். அவர் பார்க்க வருவதாக ஏற்பாடான நாள்தான் இன்று.

நான் விடுவேனா? எடைதான் படகைப் பிடிக்கும் என்று நீ சாதிப்பாயே, அது தப்பு. செத்துப்போனதால் உன் பேச்சு சரியாகிவிடாது. தகடு மண்ணில் புதைவதுதான் பிடிக்கும். மும்பையில் படகுச் சாமான் கடையில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று கலப்பைக் கொழு மாதிரி வளைந்த எஃகு. எந்தத் தரைக்கும் ஓரளவு ஒப்பேறும், ஆனால் கனம். மற்றது இரண்டு அகலத் தகடு வைத்த அலுமினியம், மூன்றே கிலோ. நம் அணையில் அடியெல்லாம் சேறு. சேற்றுக்கு ஏற்ற மாதிரி தகட்டின் கோணத்தை விரித்து வைக்கலாம். அதையே வாங்கினேன்.

பாணேர்க்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "ஏ தோ கிலௌனா ஹை, பாய்" என்று சிரித்தார். விளையாட்டுச் சாமானாம்! சுருக்கென்றது. அண்ணியோடு படகில் தண்ணீருக்குள் போனதும் அந்த ஆத்திரத்தில் நானே வீசி எறிந்தேன். லேசான தகடல்லவா, தட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு எங்கோ போய்ப் படுத்தது. படகு நழுவியது.

"வீசறதுக்கு அதென்ன பந்தா? குடுங்க இங்க."

அண்ணி மெதுவாக இறக்கினார். இந்தத் தடவை கயிற்றில் நான் கஞ்சத்தனம் பண்ணிவிட்டேன். நாலு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர்தான் விட்டேன். கயிறு போதிய அளவு சாயாமல் நின்றால் நங்கூரத்தை மேலே அல்லவா இழுக்கும்? மறுபடி நழுவியது. நான் இழுத்தெடுத்துக் கொடுக்க, அண்ணி மூன்றாம் தடவை இறக்கினார்; கயிறும் இப்போது அவர் கையில்.

"விடுங்க அண்ணி, முழுசா விடுங்க!" என்று கத்தினேன்.

"நீங்க கத்துனா அது புடிச்சுக்குமா? நகருங்க தம்பி."

படகைப் பின்னால் போகவிட்டபடியே முப்பது மீட்டர் கொடுத்துக் கட்டினார். நங்கூரத்தை ஒட்டியிருந்த சங்கிலி தரையில் படுக்க, கயிறு விறைத்தது. படகு ஒரு குலுங்கு குலுங்கிக் காற்றுக்கு முகம் காட்டி நின்றது. கரையில் கோயில் கொடிக்கம்பமும் அதற்குப் பின்னால் மின்கம்பமும் ஒரே கோட்டில் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தோம். இரண்டும் விலகவே இல்லை, படகு நகரவில்லை!

"அவுங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று அண்ணி கேட்டார். என்ன சொல்லியிருப்பாய்?

எடுப்பதுதான் நிஜமான பரீட்சை. அண்ணி கயிற்றைப் பிடித்துப் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்தார். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். என்னால்தான் உட்கார முடியவில்லை. அலை படகைத் தூக்கித் தூக்கி இறக்க, சேறு பிடியை விட்டது. "வந்துருச்சுங்க தம்பி!" கறுப்புச் சேறு வழிய, ஒரே கையால் தூக்கி உள்ளே வைத்தார். நான் தொடவே இல்லை.

கரைக்கு வந்ததும் அண்ணி பாணேர்க்காரரிடம் மராத்தியில் ஒரே வரி சொன்னார்: "மாஃப் கரா, விக்காயசீ நாஹீ." மன்னியுங்கள், விற்பதாக இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்து, அந்த விளையாட்டுச் சாமானை எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார்!

இனி செய்யப்போவதை உனக்கு வாக்காகவே எழுதித் தருகிறேன்:

1. நாளை நங்கூரத்தை பிம்ப்ரிக்கு, எங்கள் பட்டறைக்கு எடுத்துப்போய்த் தகட்டுத் திருகுகளைச் சரிபார்ப்பேன்.
2. ஐந்து மீட்டருக்கு ஒன்றாகக் கயிற்றில் நிறத் துணி கட்டுவேன். எவ்வளவு விட்டோம் என்று அண்ணி யாரையும் கேட்க வேண்டாம்.
3. அடுத்த ஞாயிறு அண்ணி தனியாகப் போகிறார். நான் கரையில் நிற்பேன்.
4. கத்த மாட்டேன்.

உன் கூடப்பிறந்த அவசரக்காரன்,
செந்தில்