சிறகு முறியாமல் வந்து சேர வேண்டும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம், படி ஏறும்போது மட்டும் என் முட்டி நான் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ போனில் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்வதை நான் அப்படியே நம்பிவிடுகிறேன், அம்மா பாதியை நம்பிவிட்டு மீதியை உன் குரலில் தேடிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் போனிலேயே பேசிவிட்டு இப்போது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஆரம்பிப்பதற்குள் நீ புகுந்து "அதெல்லாம் விடுங்கப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆகவே இதோடு வரும் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் உட்கார்ந்து இதை முழுசாகப் படித்துவிடு.

நீ அந்த வீட்டை விட்டு வந்து தனியாக ஓர் அறை எடுத்து, சுவரில் நீயே துளை போட்டு ஒரு பலகையை மாட்டி, அதைப் படம் பிடித்து அனுப்பினாய் அல்லவா, "என் டிராகன் எல்லாத்தையும் இதுல வைக்கணும்பா, அனுப்ப முடியுமா" என்று கீழே எழுதியிருந்தாய். உன் கல்யாணம் முறிந்ததிலிருந்து நீ எங்களிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அம்மா வந்து கொஞ்ச நாள் கூட இருக்கட்டுமா என்றால் வேண்டாம், நான் வந்து பேசட்டுமா என்றால் வேண்டவே வேண்டாம். இது ஒன்றாவது கேட்டாளே என்று நான் உடனே உன் அலமாரியில் நீ வண்ணம் பூசி வைத்திருக்கும் டிராகன் பொம்மைகளில் சின்னதாகப் பார்த்து மூன்றை எடுத்துக்கொண்டு பார்சல் கடைக்கு ஓடினேன். "உடையற பொருள்தானே, நாங்க பாத்துக்கறோம் சார், கவலைய விடுங்க" என்றார் கடைக்காரர், நானும் கவலையை அவர் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் நீ அனுப்பிய படத்தில் நீலக்குட்டி ஒரு பக்கம் கிடக்கிறது, அதன் இறக்கை ஒரு பக்கம் கிடக்கிறது, தூங்குமூஞ்சியின் வால் என்ன ஆனது என்றே தெரியவில்லை, நீ பார்த்துப் பார்த்து வண்ணம் பூசின முதுகெல்லாம் பபிள் ராப்பின் கொப்புள அச்சு. "பரவாயில்லப்பா, ஒட்டிக்கறேன்" என்றாய். நீ கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "முன்னெல்லாம் பென்சில் முனை ஒடஞ்சாலே வீட்ட ரெண்டாக்குவா, இப்ப எதுக்கும் பரவாயில்லன்னு சொல்லக் கத்துக்கிட்டாளே" என்றாள். மிச்சமிருக்கும் அத்தனையும் ஒரு கீறல் இல்லாமல் அவளுடைய பலகைக்குப் போய்ச் சேரும், அதற்கு நான் பொறுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

வாய்ச்சவடால் இல்லை. உன் அப்பா லிப்ட் மெக்கானிக். விழக்கூடியது விழாமல் இருக்க வேண்டும், அப்படியே விழுந்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இதைச் செய்துதான் உன்னைப் படிக்க வைத்தேன். மனிதர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டவனுக்கு உள்ளங்கை அளவு டிராகனை அனுப்பத் தெரியாதா என்று எனக்கே ரோஷம் வந்துவிட்டது. முதலில் நம் தெருமுனையில் கண்ணாடிக்குச் சட்டம் போடும் கடைக்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். "உள்ள இருக்கற பொருள் பெட்டியோட சுவரத் தொடவே கூடாது சார். மூடினப்புறம் காதுகிட்ட வச்சுக் குலுக்குங்க, லேசா சத்தம் கேட்டாலும் திரும்பப் பிரிச்சுடுங்க" என்றார். அது மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஆனால் உன்னுடையதை வைத்துப் பரீட்சை பண்ண முடியுமா, அதனால் நீ முன்பு போகும் பொம்மைக் கடைக்குப் போய் வண்ணம் பூசாத வெள்ளை டிராகன்கள் சிலவற்றை வாங்கினேன். அங்கே இருந்த பெண் "என்ன கலர் அடிக்கப் போறீங்க அங்கிள்" என்று ஆசையாகக் கேட்டாள். "கலரெல்லாம் இல்லம்மா, ஒடைக்கப் போறேன்" என்றேன். அவள் என் பையைக் கொடுக்கவே யோசித்தாள்.

முதல் வெள்ளையனை மேசையிலிருந்து தள்ளினேன், கழுத்து போச்சு. இரண்டாவதுக்கு வால் போச்சு. அப்போதுதான் ஒன்று புரிந்தது, உடைவது எப்போதும் ஒல்லியாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான், நாம் என்ன செய்கிறோம், தடியான உடம்பைச் சுற்றிச் சுற்றி மெத்தை போடுகிறோம், இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சந்து இடுக்கை அப்படியே விட்டுவிடுகிறோம். அடி விழுந்தால் இறக்கை அந்தச் சந்தில்தான் மடங்குகிறது. மெல்லிய டிஷ்யூ பேப்பரை உருட்டி முதலில் அந்தச் சந்தெல்லாம் நிரப்பினேன், அதோடு முறிவது நின்றது. ஆனால் வண்ணத்தில் அச்சு விழுகிறதே, அதற்கு வண்ணம் பூசின ஒன்றை வைத்துத்தானே பரீட்சை பண்ண வேண்டும், அதனால் வேறு வழியில்லாமல் உன் பழைய பிரஷ்களைத் தேடி எடுத்து நானே பூச உட்கார்ந்தேன். இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. முதல் தடவை பூசினது டேப்போடு தோல் மாதிரி உரிந்து வந்தது. அந்தக் கடைப் பெண்ணிடமே போய் நின்றேன், சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அதற்கு மேல்தான் வண்ணம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பச்சை அடித்தேன், கறுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து செதில்களுக்கு நடுவில் ஓடவிட்டேன், பார்க்கச் சாக்கடையில் விழுந்த பல்லி மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவள் சொன்னபடி பிரஷில் வெளிர் பச்சையைத் தொட்டு, அதைத் துணியில் ஏறக்குறைய முழுசாகத் துடைத்துவிட்டு, அந்தக் காய்ந்த பிரஷால் மேலோட்டமாகத் தடவினேன் பார், ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக எழுந்து நின்றது. நான் சத்தம் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன், எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அந்த மூலையில் போய் உட்காருவாயே, எதற்கு என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அதோடு வந்தது வினை. பூசி முடித்ததைக் கீழே போட எனக்கு மனசே வரவில்லை. பெட்டியில் கட்டி மாடிப்படி வரைக்கும் கொண்டுபோவேன், படி உச்சியில் நின்று, வார்னிஷ் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். அம்மா இரண்டு மூன்று நாள் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் "இப்படிக் குடுங்க" என்று வாங்கி, காலால் ஒரே தள்ளு. அது மூன்று திருப்பம் உருண்டு கீழ்வீட்டு வாசலில் போய் நின்றது, அவர்கள் கதவைத் திறந்து தங்களுக்கு வந்த பார்சல் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள், அதைத் திரும்ப வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு நகம்கூட உடையவில்லை. கொப்புள அச்சு மட்டும் லேசாக இருந்தது, அதற்கும் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள், தைத்து மிஞ்சிய வழவழப்பான லைனிங் துணியில் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துச் சுருக்குப்பை தைத்துவிட்டாள். பை முதலில், பபிள் ராப் அதற்கு மேல், அதுவும் கொப்புளம் வெளிப்பக்கம் பார்க்க. இப்போது உன் டிராகன்கள் நம்மைவிட நல்ல துணி உடுத்தியிருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வந்திருந்தார். மேசை முழுக்கப் பெட்டியும் டேப்பும் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, அவ சாமானையெல்லாம் நீயே மூட்டை கட்டி அனுப்பிட்டா, அங்கயே தனியா இருந்துக்கோன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசிச் சேத்து வைக்கற வழியப் பாரு. டிராகனாம் டிராகன், பொம்மை வச்சு விளையாடற வயசா அவளுக்கு" என்று ஆரம்பித்தார். அண்ணன் என்றால் எனக்கு இன்னும் சின்ன வயசுப் பயம்தான். அம்மா உள்ளேயிருந்து கட்டின பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "அத்தான், பேசறதுதான் பேசறீங்க, இது மேல உக்காந்து பேசுங்க" என்றாள். "எதுக்கும்மா?" என்றார். "லாரில இது மேல என்னென்ன ஏத்துவாங்களோ, தாங்குதான்னு பாக்கணும்." அவர் உடம்பு உனக்குத் தெரியும், சோபாவே அவரைக் கண்டால் முனகும். என்ன நினைத்தாரோ, கோபத்தோடேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே குடும்ப மானம், ஊர் வாய், பெண்பிள்ளை தனியாக இருப்பது என்று காபி ஆறும் வரைக்கும் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் சொன்னேன், "அண்ணே, அவ எங்கிட்டக் கேட்டது சமாதானம் இல்ல, டிராகன். கேட்டத அனுப்பறேன். கேக்காதத அனுப்ப மாட்டேன்." அவரை எதிர்த்துப் பேசுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் எழுந்தார், அம்மா பெட்டியைப் பிரித்தாள். உள்ளே என் பச்சையன் சிறகு விரித்தபடி அப்படியே இருந்தான். பெரியப்பா அவனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரு பெயிண்ட் அடிச்சது?" என்றார். நான்தான் என்றேன். "ஒரு கண்ணு மேல பாக்குது, ஒரு கண்ணு கீழ பாக்குதேடா" என்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பெட்டி மூலை லேசா அமுங்கியிருக்கு. எங்க வீட்ல புது பிரிட்ஜ் வந்த அட்டை இருக்கு, கெட்டி அட்டை" என்று சொல்லிவிட்டுப் போனவர் மறுநாளே அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வைத்தார். அவர் எண்ணம் மாறவில்லை, வரும்போதும் அதையேதான் பேசினார், ஆனால் அட்டை வந்துவிட்டது.

அந்த அட்டையில் செய்ததுதான் உன் முன்னால் இருக்கும் பெட்டி. உள்ளே பெரியவன் இருக்கிறான், நீ வேலை தேடிக்கொண்டிருந்த வருஷம் முழுக்கப் பூசினாயே, அந்தச் சிவப்பும் தங்க விளிம்பும். எல்லாவற்றிலும் அனுப்பக் கஷ்டமானவன் அவன்தான், இலை மாதிரி இறக்கை, நீளக் கழுத்து, அதனால்தான் அவனை முதலில் அனுப்புகிறேன், இவன் வந்து சேர்ந்துவிட்டால் மற்றவர்களைப் பற்றிப் பயமில்லை. பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் நாலு பக்கமும் ஸ்பாஞ்சு. அதற்குப் பக்கத்தில் சின்னப் பை ஒன்று இருக்கும், அது நான் பூசின பச்சையன். கோணக் கண்ணைத் திருத்தலாம் என்று பிரஷை எடுத்தேன், அம்மா கூடாது என்றுவிட்டாள். உன் பலகையில் ஓர் ஓரமாக வைத்துக்கொள். மாடிப்படியில் உருண்டவன், பெரியப்பாவைச் சுமந்தவன், உன் ஊர்க் குளிரெல்லாம் அவனை ஒன்றும் செய்யாது. அவனுடைய கால் அடியில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன், பூசுகிறவர்கள் அப்படிப் போடுவார்களாமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் இங்கே உன் அறை காலியாகிவிடுமே, எங்களுக்கு வருத்தமாக இருக்காதா என்று ஒரு நாள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாய். காலியாகட்டும், அந்த ஜன்னலோரம் நல்ல வெளிச்சம், என் பெயிண்ட் மேசையை அங்கே போடப்போகிறேன். நீ எந்த நாளில் எந்த நேரத்தில் வந்து மணி அடித்தாலும் கதவு திறக்கும், மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு உன் கட்டிலைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. ஆனால் நீயாக வரத் தோன்றினால் வா. பெரியப்பா சொன்னார், அத்தை அழுதாள், ஊர் பேசுகிறது என்று வராதே. அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இங்கே இருக்கிறேன், எனக்கு இப்போது பழகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது அடுப்பை அணைத்தாயா என்று ஒரு தரம் திரும்பிப் பார். பெட்டியைக் கத்தியால் குத்திக் கிழிக்காதே, மேலே அம்புக்குறி போட்டிருக்கும் பக்கம் டேப்பை நகத்தால் கிள்ளி உரி. வெளியே குளிர் அதிகம் என்றால் கொண்டுவந்த உடனே திறக்காமல் அறைச் சூட்டில் ஒரு ராத்திரி விட்டுவை, இல்லாவிட்டால் வண்ணத்தில் ஈரம் பூத்துவிடும். தூக்கும்போது இறக்கையைப் பிடிக்காதே, வயிற்றின் கீழே கை கொடுத்துத் தூக்கு, சந்தில் இருக்கும் டிஷ்யூவைக் கடைசியில் ஒவ்வொன்றாக உருவு. எங்கேயாவது ஒரு கொம்பு நுனி போயிருந்தால்கூட மறைக்காமல் படம் எடுத்து அனுப்பு, எங்கே இடித்தது என்று எனக்குத் தெரிய வேண்டும், அடுத்த பெட்டியை அதற்கேற்ற மாதிரி கட்டுவேன். அலமாரியில் இருக்கும் கடைசிக் குட்டி வரைக்கும் அனுப்பாமல் நான் ஓயப்போவதில்லை. நீ தலை நிமிர்ந்து, மனசு லேசாகி, நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
கையில் இன்னும் பச்சை வண்ணம் போகாத
உன் அப்பா