இருமல் விழுந்த இடம்

நான் பேசாமல் இருந்தது போதும். நீ செத்துப்போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. இனி உன்னிடம் கேட்க எனக்கென்ன கூச்சம்?

நேற்று மலைமேல் ஏலப்பாறைக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. பக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி, ஈரப் படுதாவை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கைபேசியை அழுத்தினாள். ஜீப்புக்குள் என் அம்மா பேசினாள், இறந்து எத்தனையோ வருடமான என் அம்மா.

அந்தப் பதிவை நீ எடுத்தபோது நானும் கூட இருந்தேன். எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்துச் சுவர் விழுந்து பக்கத்து வீட்டு லூர்து அக்கா செத்த கதை. சுவர் ஊறிக் கிடக்கிறது என்று அம்மா எஸ்டேட் ஆபீஸுக்குப் போய்ப் போய்ச் சொல்லியும் கேட்காதவன் யார் என்று பெயரோடு சொன்னாள். அதை ஊரெல்லாம் கேட்க வைக்கிறேன் என்றாய். நம்பினேன்.

பிறகு நீ செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மைதானத்தில் நாடகம் போட்டாய். அதில் சுவர் விழுந்தது, பெயர் இல்லை. பஸ் நிறுத்தத்தில் சித்திரம் எழுதினாய். அதில் சுவர் மட்டும் இருந்தது, அம்மா இல்லை. வெளியூர்க்காரர்களுக்குக் குறும்படம் எடுத்தாய். அதில் பனியும் தேயிலையும்தான். அதை ரிசார்ட்டில் திரையிட்டபோது எஸ்டேட்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். நீயும் சிரித்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கே நீ யாரென்று எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே இழுத்துவந்து கேட்டேன். "ஏலே, எங்கம்மா எங்க?"

"படத்துல எதுக்கு மாப்ள? அம்மா கேக்க வேண்டியவங்க காதுல இருக்காங்க."

"பேரு?"

"பேரு சொல்லாட்டி, எவன் கோவப்படுறானோ அவனே நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

விலைபோனவன் பேசும் சாமர்த்தியம் என்று முடிவுகட்டினேன். மலைக்குக் கீழே கோவிந்தாபுரத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவன், கல்லூரி வேலை உண்டு நான் உண்டு என்று இருந்துவிட்டேன். உன் சாவுக்கும் வரவில்லை. அதற்காக இப்போதும் நான் வருந்தவில்லை.

இது எங்கே கிடைத்தது என்று ஜீப்பில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மழ பிடிச்சா எல்லா போன்லயும் ஓடும் சாரே. கொழுந்து எடுக்கையில கை ஒழியாது, காது சும்மாதான இருக்கு. இதக் கேட்டுட்டு, ஊட்டுக்குப் போனதும் சுவத்தத் தட்டிப் பாப்போம். சத்தம் அமுங்கிக் கேட்டா சுவரு ஊறிருச்சுன்னு பிள்ளைகளத் தூக்கிட்டு சர்ச்சுக்குப் போயிருவோம்."

பேசுவது யார் என்றேன். யாரோ ஒரு அம்மா, தனக்குத் தெரியாது என்றாள். 

இன்னொரு முறை போடச் சொன்னேன். பெயர் வரும் இடத்தில் ஓர் இருமல். அம்மா அன்று இருமவில்லை. அது உன் இருமல். கடைசியில் உன்னைக் கொண்டுபோன அதே நெஞ்சு இருமலை எடுத்து அவன் பெயரின் மேல் போட்டு மூடியிருக்கிறாய்.

யாரைக் காப்பாற்றினாய்? அவனையா? பெயரோடு இதை வைத்திருந்தால் வேலை போகும் என்று இந்தப் பெண்களையா? இல்லை, உன்னையேவா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? தெரிந்தால் நான் கத்திக் கெடுத்துவிடுவேன் என்று நினைத்தாயா?  அந்த ரிசார்ட் சிரிப்பை இன்னும் நான் மறக்கவில்லை.

இந்த மடலில் அவன் பெயரை எழுதத்தான் உட்கார்ந்தேன். உறையில் உன் வீட்டு விலாசத்தை எழுதும்போது கை நின்றது. உன் மனைவி இன்னும் அதே லயத்தில் இருக்கிறாள். தபால் எஸ்டேட் ஆபீஸ் வழியாகத்தான் அவளுக்குப் போகும். அந்த ஆபீஸில் அவன் இன்று முன்னைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறான். உறையைப் பிரித்தும் பார்ப்பான்.

பார்க்கட்டும். பெயர் எழுதவில்லை. கோபம் வந்தால் அவனே ஒத்துக்கொள்ளட்டும்.

உன் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை, தீரவும் போகிறதில்லை. ஆனால் நேற்று ராத்திரி மழை கொட்டியபோது, சமவெளியில் இருக்கும் என் சிமெண்டு வீட்டிலும் எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

காலையில் இதைத் தபாலில் சேர்க்கிறேன். கீழே என் பெயரும் இருக்காது.