எண்ணெய்க்கு அடியில் கிடந்த தண்ணீர்

என் கண்ணான தம்பி முருகையா,

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உன் மேல் எனக்குள்ள கோபம் முடியவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். போன வாரம் நான் ஒன்றைப் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

நிபோங் திபாலில் உன் நீல டிராக்டர் தூக்க மறுத்துவிட்டது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரைச் சாய்க்கப் போனால் பாதியில் நடுங்கி நின்றுவிடுகிறதாம். அந்த வண்டியை விட்டால் உன் மனைவி லெட்சுமிக்கு வேறு பிழைப்பு ஏது? பக்கத்துத் தோட்டங்களுக்கு இப்போது அவளேதான் ஓட்டுகிறாள். பட்டறைக்காரர் வந்து பார்த்தாராம். எண்ணெய் நுரைத்திருக்கிறது, பம்ப் காற்றை இழுக்கிறது, இந்தக் கிழட்டு வண்டிக்கு இனி பம்ப் கிடைக்காது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றாராம். வெள்ளிக்கிழமை லாரி வருவதாகப் பேச்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் வந்து, பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். நாற்பது வருடம் பினாங்கில் தைத்துப் பிழைத்தவள் நான். என் தையல் மெஷின்களை நானே பிரித்து நானே பூட்டியவள். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. தந்திருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய் அக்கா என்பாய். சொல்லிக்கொள்.

எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினேன். தே தாரிக் நிறம், நுரைக்க ஆற்றிய பால் தேநீர்தான். கியருக்கும் டிரெய்லரைத் தூக்கும் பம்புக்கும் அந்த வண்டியில் ஒரே எண்ணெய்தானே, அது பாலாகிவிட்டால் உள்ளே காற்று இருக்க வேண்டும், இல்லை தண்ணீர் இருக்க வேண்டும். காற்று என்றால் வண்டி நின்றதும் தெளிந்துவிடும். வண்டி மூன்று நாளாக நின்றிருந்தது, எண்ணெய் தெளியவில்லை. மழையில் போட்டுவைத்தாயா என்று லெட்சுமியைக் கடுமையாகவே கேட்டேன். கொட்டகையை விட்டு வெளியே நிறுத்தியதே இல்லை என்றாள். நான் நம்பவில்லை.

பழைய தோசைக்கல்லைக் காயவைத்து அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். படபடவென்று வெடித்தது. பக்கத்திலேயே புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். சத்தமில்லாமல் புகைந்தது. பட்டறைக்காரரை வரவழைத்து மறுபடி செய்து காட்டினேன்.

"என்னம்மா, கடுகு போட்டீங்களா?"

"கடுகுன்னா மணக்கும் தம்பி. இது தண்ணி."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரேடியேட்டரைப் பார்த்தேன், தண்ணீர் குறையவில்லை. என்ஜின் எண்ணெயும் சுத்தமாக இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்துதான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எந்த வழியாக?

தண்ணீர் அடியில் தங்கட்டும், வண்டியை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை அதன் அடியில் படுத்து வடிகால் திருகைத் தளர்த்தினேன். எழுபத்து மூன்று வயதில் எதற்கு இந்த வேலை என்று லெட்சுமி புலம்பிக்கொண்டே எண்ணெய் விழப் பேசினைப் பிடித்தாள்.

முதலில் வந்தது தண்ணீர், தம்பி. கறுத்த இரும்பின் வயிற்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. அரைப் பேசின் நிறைந்தது. அதற்குப் பிறகுதான் பால் நிறத்தில் எண்ணெய் வந்தது. அத்தனை பல்சக்கரங்களுக்கும் அடியில் இவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டா அந்த வண்டி குலை இழுத்தது? மண்ணில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. கோயில் கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும்போதுகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. பொய் சொல்லவில்லை.

பிறகு எண்ணெய் வடிகட்டும் சல்லடையைக் கழற்றினேன். வலையில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுத்துப்போன ஒரு துளசிக் கதிர்.

உனக்குப் புரிந்திருக்கும்.

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் நான் வண்டிக்குக் குடம் குடமாகத் துளசித் தீர்த்தம் ஊற்றுவேன். நீ அதற்கு முன்பே கியர்க் குச்சிகளின் மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு இறுக்கிக் கட்டிவைத்திருப்பாய். சாமிக்கு வருகிற தீர்த்தத்தைப் பிளாஸ்டிக் போட்டுத் தடுக்கிறாயா என்று கடைசி வருடம் எல்லார் முன்னிலையிலும் உன்னைக் கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. அதோடு எட்டு மாதம் பேச்சில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது உன்னால் பேச முடியவில்லை.

நீ போன பிறகு வந்த இரண்டு பூசைக்கும் பையும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. மனம் குளிர ஊற்றினேன். கியர்க் குச்சியைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்ததைப் புதன்கிழமைதான் குனிந்து பார்த்தேன்.

அந்தத் துளசியை முந்தானையில் முடிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் கை போனது. லெட்சுமி பேசினைக் கழுவிக்கொண்டிருந்தாள், பார்த்திருக்க மாட்டாள். ஆனால் மழையில் போட்டாயா என்று கேட்ட வாயும் இதுதானே. அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"மழை இல்ல லெட்சுமி. நான் ஊத்துன தீர்த்தம்."

அவள் அதைத் தண்ணீரில் அலசித் திருப்பிப் பார்த்தாள்.

"ரப்பர் வெடிச்சது அவருக்குத் தெரியும்க்கா. ஊத்தாதேன்னு அக்காகிட்ட ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு நானே கேட்டேன். வருஷம் பூரா காத்திருந்து ஃபெர்ரி ஏறி வராங்க, ஊத்தட்டும்லா, நான் பைய கட்டிக்கிறேன்னாரு. அவர் போனப்புறம் பைய கட்டணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

தம்பி, தண்ணீரைப் பார்த்து வியந்தேன் என்றேனே, அது ஒன்றுமில்லை. நான் ஊற்றவும் வேண்டும், வண்டி கெடவும் கூடாது, அதற்கு ஒரு பையும் நாலு முடிச்சும் போதும் என்று நினைத்திருக்கிறாய். நான் திட்டியபோதுகூட காரணத்தைச் சொல்லவில்லையே. எப்படியடா உன்னால் முடிந்தது?

புது உறை மாட்டினோம். எண்ணெயை ஊற்றி ஓடவிட்டு வடித்து, மறுபடி ஊற்றினோம். வெள்ளிக்கிழமை இரும்பு லாரி வந்து நின்றபோது லெட்சுமி நெம்புகோலை இழுத்தாள். குலை ஏற்றிய டிரெய்லர் ஒரு நடுக்கம்கூட இல்லாமல் எழுந்து சாய்ந்தது. லாரிக்காரர் வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். பட்டறைக்காரர் மட்டும் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். "இன்னும் லேசா வெள்ளை இருக்கும்மா" என்றார்.

இருக்கும். மூலை முடுக்கில் ஒட்டிய தண்ணீர் ஒரே தடவையில் வந்துவிடாது. மாதம் ஒருமுறை வந்து அந்தத் திருகைத் தளர்த்துவேன், கடைசிச் சொட்டுத் தண்ணீர் இறங்கும்வரை. என் கையால் உள்ளே போனது என் கையாலேயே வெளியே வரட்டும். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். நீயும்தானே எட்டு மாதம் பேசாமல் இருந்தாய்?

இப்படிக்கு,
உனக்கு முன்னே பிறந்து, உனக்குப் பின்னே புரிந்துகொண்ட
உன் அக்கா